இரும்பு நுழையாத கொட்டகை

ஒருங்கிணைப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு உற்சாகம் தரும்படி ஏதாவது எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஆளைத் தவறாகப் பிடித்துவிட்டார்கள். வெளிநாட்டு ஆய்வகங்களுக்குக் கடிதம் எழுதி, டெலெக்ஸ் அறை வாசலில் கால் கடுக்க நின்று, டில்லிக்கும் திருவனந்தபுரத்துக்குமாக ரயிலில் முதுகு ஒடிந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வேலை எனக்குச் சோறு போட்டது, மறுக்கவில்லை. அதற்காக அதைப் பாராட்டி எழுத எனக்குக் கை வராது.

விண்ணப்பத்தை எத்தனை பிரதி எடுப்பது, எந்த அமைச்சகத்துக்கு எதை முதலில் அனுப்புவது என்பதெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். நான் ஒரே ஒரு கூரையைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வாழ்நாளில் வந்த மிகப் பெரிய கூட்டுத் திட்டம் அந்தக் கூரையில்தான் போயிற்று.

அறுபதுகளின் கடைசியில் நான் மார்த்தாண்டத்திலிருந்து வந்து வேலையில் சேர்ந்தபோது, திருவனந்தபுரத்துக்கு வடக்கே கழக்கூட்டத்தைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் வெறும் தென்னந்தோப்பும் மணலும்தான். தோப்புக்கு நடுவில் எங்கள் நிறுவனத்தின் காந்தப் பதிவு நிலையம் இருந்தது. நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மரச் சுவர், செம்பு ஆணி, ஓலைக் கூரை, அவ்வளவுதான். உள்ளே ஒரு கருவி பூமியின் காந்தப் புலத்தை இரவும் பகலும் ஒளி பட்டால் பதியும் தாளில் ஒரு கோடாக வரைந்துகொண்டிருந்தது. பூமியின் காந்த நடுக்கோடு நம் ஊரை ஒட்டிப் போகிறது. அதனால் பகலில் நம் தலைக்கு மேலே, வெகு உயரத்தில், மின்னோட்டம் ஒன்று ஆறு மாதிரி ஓடுகிறது. அதன் ஏற்ற இறக்கம் எல்லாம் அந்தத் தாளில் விழும். ஐரோப்பாக்காரர்களிடம் எத்தனை பணம் இருந்தாலும் இந்த ஆறு அவர்கள் தலைக்கு மேல் ஓடவில்லை. பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும். நம்மிடம் இருந்த ஒரே பிடி அதுதான்.

நிலையத்தை நடத்தியவர் ஒரு பெண் விஞ்ஞானி. நகரத்துக்குள் ஸ்ரீவராகம் அக்ரகாரத் தெருக்காரர். எல்லாருக்கும் அவர் மேடம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும், பெயர் வேண்டாம். கருவி வைத்த நாளிலிருந்து ஒரு நாள்கூடப் பதிவு அறுபடாமல் பார்த்துக்கொண்டவர் அவர். கொட்டகைக்குள் இரும்பு நுழையக் கூடாது என்பது அவருடைய சட்டம். கருவிக்குப் பக்கத்தில் ஒரு சாவிக்கொத்து வந்தால்கூடக் கோடு துள்ளிவிடும். அதனால் வேலி வாசலில் ஒரு பலாமரப் பெட்டி இருந்தது. சாவி, கைக்கடிகாரம், பெல்ட், சேஃப்டி பின் எல்லாம் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகலாம். கோயில் நடையில் ஆண்கள் சட்டையைக் கழற்றுவது போல இங்கே எல்லாரும் இரும்பைக் கழற்றினோம்.

முதல் நாள் நான் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"செருப்பையும் கழட்டிட்டுப் போங்கோ. அடியில ஆணி இருக்கும்."

"சின்ன ஆணியாக்கும் மேடம்."

"சின்ன ஆணிதான். ஆனா நீங்கோ வந்துட்டுப் போனது, பின்னால இந்தத் தாளைப் பாக்கறவனுக்குப் பூமியே அசைஞ்ச மாதிரித் தெரியும்."

அவர் கொண்டை ஊசி வைத்து நான் பார்த்ததில்லை. தலைமுடியை நூல் கயிற்றால் கட்டியிருப்பார். காலையில் பஸ்ஸில் வந்து இறங்குவார். ஜூன் மாத இடவப்பாதி மழை கொட்டினாலும் குடையை வேலிக்கு வெளியே மரத்தில் மாட்டிவிட்டு, கொட்டகை வரைக்கும் நனைந்துகொண்டே ஓடுவார். குடைக் கம்பி இரும்பல்லவா. புடவை ஈரத்தோடு அன்றைய தாளை மாற்றுவார். அலுவலகத்தில் அவரைக் கேலி செய்யாத ஆள் இல்லை. அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் பதவி உயர்ந்து போனார்கள். அவர் ஓலைக்கு அடியிலேயே இருந்தார்.

எழுபதுகளின் இறுதியில்தான் அந்தக் கூட்டுத் திட்டம் வந்தது. ஐரோப்பிய நாடுகள் சில சேர்ந்து ஆராய்ச்சிக்கென்று ஒரு பொது நிதி வைத்திருந்தன. ஒரு ஜெர்மன் ஆய்வகமும் ஒரு பிரெஞ்சு ஆய்வகமும் சேர்ந்து அதில் விண்ணப்பிப்பது, காந்த நடுக்கோட்டை ஒட்டி மூன்று நாடுகளில் ஒரே மாதிரிக் கருவிகள் வைத்துச் சங்கிலியாகப் பதிவு எடுப்பது என்று திட்டம். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒன்று, இலங்கையில் ஒன்று, இங்கே ஒன்று. மூன்றில் நம் நிலையம்தான் தலைமை நிலையமாக ஆக இருந்தது. காரணம், இத்தனை ஆண்டு அறுபடாத பதிவு வேறு யாரிடமும் இல்லை.

விண்ணப்பத்தில் ஒரு வரியைத் திருத்த ஜெர்மனி எழுதும். அதற்கு பிரான்ஸ் ஒப்ப வேண்டும். இரண்டையும் நான் டில்லிக்குக் கொண்டுபோய், வெளிநாட்டாருக்குப் பதில் எழுதலாம் என்ற அனுமதியை வாங்கி வர வேண்டும். அதற்குள் ஜெர்மனி இன்னொரு வரியைத் திருத்தியிருக்கும். கடைசியில் கட்டு தபாலில் போன அன்று இயக்குநர் என்னைப் பழவங்காடிக்குக் கூட்டிப்போய்க் கணபதிக்குத் தேங்காய் உடைக்கச் சொன்னார். நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன். ஆனாலும் உடைத்தேன். அந்த அளவுக்கு எல்லாருக்கும் அந்தத் திட்டம் வேண்டியிருந்தது.

மேடத்துக்கு அது வேண்டியிருந்த விதம் வேறு. ஒருநாள் தாள் மாற்றிவிட்டு வெளியே வந்தவர் சொன்னார்: "இது கிடைச்சா நிலையம் நிலைச்சுடும். நான் இருந்தாலும் இல்லேன்னாலும் கோடு ஓடிண்டிருக்கும். எனக்கு அது போறும்."

விண்ணப்பம் முதல் சுற்றில் தேறியது. மூன்று நிலையங்களையும் நேரில் பார்க்க ஜெர்மன் பேராசிரியர் தலைமையில் ஒரு குழு வருவதாகத் தந்தி வந்தது. அன்றைக்கே பிடித்தது வினை. நீங்களும் இதைப் பார்க்கத்தான் போகிறீர்கள். வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறது என்றால் நம் அலுவலகங்களுக்கு ஒரு ஜுரம் வரும். சுவருக்கு வெள்ளை, தென்னைமரத்துக்குக் காவி, தரைக்குச் சிவப்புக் கம்பளம். வருகிறவன் எதைப் பார்க்க வருகிறான் என்று ஒருவரும் யோசிக்க மாட்டார்கள்.

எங்கள் இயக்குநர் மலையாளி. தோப்புக்கு வந்து கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். வெள்ளைக்காரர்கள் முன்னால் வெட்கக்கேடு என்ற அருவருப்பு முகத்தில்.

"சாயிப்பு வரும்போ ஓலைப் புரையையா காட்டறது? நாணக்கேடல்லே?"

"ஓலைதான் சார் வேணும். அதுக்குத்தான் அவா வரா" என்றார் மேடம்.

"மந்திரியும் வரார், மறக்கண்டா" என்று நினைவூட்டிவிட்டு அவர் காரில் ஏறினார். அடுத்த வாரம் குழு வருவதற்கான அனுமதியை வாங்க என்னை டில்லிக்கு அனுப்பினார்கள். மேடத்தை ஒரு கருத்தரங்குக்கு பெங்களூர் அனுப்பினார்கள். அவர் போக மாட்டேன் என்றார். போகாவிட்டால் கட்டளையை மீறியதாகும் என்று எழுத்தில் கொடுத்தார்கள்.

நான் திரும்பி வந்து ஸ்டேஷனிலிருந்து நேரே தோப்புக்குப் போனேன். தூரத்திலேயே பளபளப்பு தெரிந்தது. ஓலையைப் பிரித்து எறிந்துவிட்டுத் தகரம் போட்டிருந்தார்கள். தகரத்தைத் தாங்க இரும்புச் சட்டம். மணல் தரையைக் கிளறிக் கம்பி கட்டி கான்கிரீட் போட்டிருந்தார்கள். வாசலில் இரும்பு கேட். கேட்டுக்கு மேலே இரும்புக் குழாயில் வரவேற்பு வளைவு, அதற்கு நீல பெயின்ட். கொட்டகை ரேஷன் கடை மாதிரி நின்றது. பெட்டியைக் காணோம்.

மேடம் எனக்கு முன்பே வந்திருந்தார். உள்ளே தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கோடு ஒரு இடம் வரைக்கும் ஒழுங்காக வந்து, திடீரென்று படி ஏறின மாதிரி மேலே போய், அப்புறம் வெயில் ஏற ஏறத் தகரம் சுட்டுக் கோணலாக அலைந்துகொண்டிருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

இயக்குநரிடம் போனோம். தகரத்தையும் வளைவையும் உடனே எடுத்துவிடலாம், தரையைப் பெயர்த்துவிடலாம், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை பதிவு கெட்டது என்று குழுவிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம் என்றார் மேடம். வளைவுக்கு அடியில் மந்திரி ரிப்பன் வெட்டப் போகிறார் என்றார் இயக்குநர். குழு அப்போது கொழும்புக்கு வந்தாயிற்று. கெட்ட நாட்களின் கோட்டை முந்தைய நாட்களைப் பார்த்துச் சமன் செய்து வரைந்துவிடலாமே என்றும் சொன்னார். எப்படிப்பட்ட யோசனை பாருங்கள். மேடம் எழுந்து போய்விட்டார்.

அதற்கப்புறம் இயக்குநர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க போய் மேடத்துக்குச் சொல்லி மனசிலாக்கணும். யாராவது கேட்டா 'தொடர்ச்சி உண்டு'ன்னு ஒரு வார்த்தை. அத்தரேயுள்ளு, அவ்வளவுதான். பிறகு எல்லாம் நான் நோக்கிக்கலாம்."

ஒருங்கிணைப்பு அதிகாரி என்ற பதவியின் உண்மையான வேலை எனக்கு அன்றுதான் விளங்கிற்று. இரண்டு நாட்டுக்கு நடுவில் நிற்பது அல்ல அது. மேலே இருப்பவரின் அழுக்கைக் கீழே இருப்பவரின் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது.

சாயங்காலம் ஸ்ரீவராகத்துக்குப் போனேன். அவர் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"டைரக்டர் சொல்லி விட்டாரு மேடம். அவிய கேட்டா தொடர்ச்சி உண்டுன்னு மட்டும் சொன்னா போதுமாம்."

"அது அவர் சொன்னது. நீங்கோ என்ன சொல்றேள்?"

"எனக்க யோசனையா கேக்கிய?"

"ஆமாம். உங்க யோசனைதான்."

"உள்ளதைச் சொல்லிருங்க மேடம். அவியளும் விஞ்ஞானிதானே. உண்மையைச் சொன்னா மதிப்பாவ. கூரையை மாத்திட்டு மறுபடி தொடங்கச் சொல்லுவாவ. பொய்யைச் சொல்லி வாங்கின நிலையத்துல உங்களால இருக்க முடியாது."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷமா ஒரு ஊசியை உள்ள விட்டதில்லை. இப்போ பொய்யை விடச் சொல்றா" என்றார். அப்புறம், "நீங்கோ சொல்றது நடக்குமா?" என்று கேட்டார். நடக்கும் என்று சொன்னேன். மனதார நம்பித்தான் சொன்னேன். ஐரோப்பாக்காரர்களோடு அத்தனை ஆண்டு கடிதம் எழுதியதில், அவர்களுடைய கடிதத்தில் இருக்கும் மரியாதை அவர்களுடைய மனதிலும் இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

குழு வந்தது. மந்திரி ரிப்பன் வெட்டினார். மேளம் அடித்து ஓய்ந்தது. எல்லாரும் கொட்டகைக்கு நடந்தோம். ஜெர்மன் பேராசிரியர் வேலி வாசலில் நின்றார். வாழ்நாள் பழக்கம் போலிருக்கிறது, தானாகவே கைக்கடிகாரத்தைக் கழற்றினார், சாவியை எடுத்தார், பெல்ட்டை உருவினார். இரண்டு கையிலும் அவற்றை வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தேடினார். தேடியவர் தலையைத் தூக்கி வளைவைப் பார்த்தார். அப்புறம் கேட்டை, அப்புறம் தகரத்தை. எங்கள் இயக்குநர் சிரித்துக்கொண்டே "வெல்கம், வெல்கம்" என்றார். பேராசிரியர் எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த நிமிடத்தில் காரியம் முடிந்துவிட்டது.

உள்ளே போனதும் அவர் கேட்டார், பதிவு தொடர்ச்சியாக இருக்கிறதா என்று. யாரிடம் கேட்டார் என்பதைக் கவனியுங்கள். பக்கத்தில் நின்ற இயக்குநரிடம் கேட்கவில்லை. கூரையை அவர் கண்ணால் பார்த்தாயிற்று, பதிலும் அவருக்குத் தெரியும். ஆனாலும் இரண்டடி தள்ளி, கருவிக்குப் பக்கத்தில் நின்ற மேடத்திடம் போய்க் கேட்டார். இயக்குநர் இருமினார். மந்திரியின் ஆட்கள் வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேடம் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: "இல்லை. ஓலை இருந்த வரைக்கும் இது பூமியின் பதிவு. அதற்குப் பிறகு கூரையின் பதிவு. என்ன மாறியது, எப்போது மாறியது என்று குறித்து வைத்திருக்கிறேன். கூரையை எடுத்துவிட்டால் மறுபடி தொடங்கலாம்."

பேராசிரியர் குனிந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். இத்தனை நேர்மையை நான் பார்த்ததில்லை என்றார். என் நெஞ்சு நிறைந்துவிட்டது. பார்த்தீர்களா மேடம் என்று கண்ணாலேயே அவரிடம் சொன்னேன். அவரும் லேசாகச் சிரித்தார்.

மறுநாள் விமான நிலையத்துக்கு நான்தான் பேராசிரியரைக் கொண்டுவிட்டேன். எப்போது மறுபடி தொடங்கலாம் என்று கேட்டேன். அவர் ஜன்னல் வழியாகத் தோப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு கூரையைக் காப்பாற்ற முடியாத நிறுவனத்திடம் ஐந்து நாட்டுப் பணத்தில் வாங்கும் கருவியை எப்படி விட்டுப்போவது என்றார். மேடம் பொய் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். நிதிக் குழுவில் மற்றவர்கள் யாரும் இங்கே வரப்போவதில்லை, அவர்கள் அறிக்கையைத்தான் படிப்பார்கள், நிலையப் பொறுப்பாளரே எழுத்தில் உறுதி சொல்லியிருந்தால் அதை மறுக்கத் தமக்குச் சிரமமாக இருந்திருக்கும் என்றார். ஆக, மறுப்பதற்கு அவருக்கு ஒரு வாய் தேவைப்பட்டது. அதற்கு மேடத்தின் வாயை எடுத்துக்கொண்டார். அந்த மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

திட்டம் இரண்டு நிலையங்களோடு போயிற்று. இலங்கை தலைமை நிலையம் ஆனது. ஆனால் எங்கள் பழைய பதிவுகள், ஓலை இருந்த காலத்தவை, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். மேடம் எல்லாவற்றையும் பிரதி எடுத்து, தம் கையாலேயே கட்டி அனுப்பினார். அவற்றை வைத்துக் கட்டுரை வந்தது. முடிவில் நன்றி சொன்ன இடத்தில் எங்கள் இயக்குநரின் பெயர் இருந்தது. "உள்ளூர் ஊழியர்களுக்கும்" நன்றி இருந்தது. அடுத்த ஆண்டே இயக்குநரைச் சங்கிலியின் ஆலோசனைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். வருஷா வருஷம் ஐரோப்பா போய்வந்தார். மேடத்தை நூலகத்துக்கு மாற்றினார்கள். கருவியைக் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். தகரக் கொட்டகையில் ஸ்கூட்டர் நிறுத்தினார்கள்.

நூலகத்தில் அவரைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும். அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, புத்தகம் அடுக்கிக்கொண்டே, "நீங்கோ சொல்லாட்டாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். மனசில போட்டுக்காதேங்கோ" என்றார். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

எண்பதுகளின் பின்பகுதியில் புது இயக்குநர் வந்தார். ஐரோப்பிய நிதிக்கு மறுபடி ஒரு வாய்ப்பு வந்தது. இந்த முறை பயிற்சி மையம். அந்த ஊர்க்காரர்களுக்கு இப்போது உள்ளூர்க் கட்டிட முறை என்றால் ஆசை என்று யாரோ இவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்கூட்டர்களை வெளியே தள்ளிவிட்டுத் தகரத்தைப் பிரித்து ஓலை போட்டார். அடியில் அதே கான்கிரீட், அதே இரும்புச் சட்டம். சட்டம் தெரியாமல் இருக்க மூங்கில் தட்டி. உள்ளே ஸ்டீல் அலமாரி, மின்விசிறி, இரும்பு நாற்காலிகள், கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய கருவி. புகைப்படம் எடுத்து விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டினோம். நிதி வந்துவிட்டது. நான் ஒருங்கிணைத்து வெற்றி பெற்ற ஒரே பெரிய திட்டம் அதுதான். உங்கள் பிரிவே அந்தப் பணத்தில் பிறந்ததுதான்.

திறப்பு விழாவுக்கு மேடத்தை அழைத்து வரும் வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள். வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். அன்று காலையிலிருந்து ஐப்பசி மாதத் துலாவர்ஷ மழை. வேலி வாசலில் புதிதாகச் செய்து பாலிஷ் போட்ட மரப்பெட்டி. ஐரோப்பிய விருந்தினர்கள் சிரித்துக்கொண்டே சாவியையும் கடிகாரத்தையும் அதில் போட்டார்கள். போட்டோக்காரர்கள் சுற்றி நின்றார்கள். மேடம் குடை பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

புது இயக்குநர் ஓடி வந்தார். "மேடம், குடையை இவிடெ வெச்சிட்டு உள்ள கேறுங்க. ஒரு போட்டோ எடுக்கணும்."

மேடம் தலையைத் தூக்கி ஓலைக்கு அடியில் பார்த்தார். மூங்கில் தட்டிக்கு இடையே இரும்புச் சட்டம் கொஞ்சம் தெரிந்தது.

"எதுக்கு?" என்றார்.

மேடம் இடுப்பில் சாவிக்கொத்தோடு, குடையை மடக்காமலே நடந்து போய், கொட்டகை வாசலில் அதை மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். உங்கள் வரவேற்பறையில் தொங்கும் பெரிய புகைப்படம் அன்று எடுத்ததுதான். எல்லாரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஓரத்து நாற்காலியில் ஈரக் குடையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் இருப்பார். படத்துக்குக் கீழே அவருடைய பெயர் இல்லை.

நீங்கள் உண்மையைச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நல்லது நடக்கும் என்று மட்டும் இன்னொருவருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். எத்தனையோ மழைக்காலம் அவர் அந்தக் கொட்டகைக்கு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். நனையாமல் உள்ளே போனது அன்று ஒரு நாள்தான்.